ஜப்பான் வான்களில் ரைமிங் பெல்ட்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

யாழ்ப்பாணத்தில் கேடிஎச் வான் (ரொயோட்டா ஹயேஸ் டீசல்) வைத்திருக்கும் ஒருவரிடம் ஒயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் உடனே பதில் வரும். ரைமிங் பெல்ட் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். பிறகு, "வாங்கேக்கை மாத்தித்தான் தந்தவை" என்பார். யார் மாற்றியது, எத்தனையாவது கிலோமீற்றரில், ரென்ஷனரும் சேர்த்து மாற்றினார்களா என்று கேட்டால் தெரியாது. இந்த வழிமுறையை அவருக்காகத்தான் எழுதுகிறேன். ரைமிங் பெல்ட் என்பது எஞ்சினின் கிராங்க் தண்டின் சுழற்சியோடு, வால்வுகளைத் திறந்து மூடும் கெம் தண்டையும் நேரம் தவறாமல் சுழல வைக்கும் பல்லுள்ள ரப்பர் பட்டி. அதை இறுக்கிப் பிடித்திருப்பது ரென்ஷனர்.

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டும், ஜப்பானில் ஓடிப் பழசாகி வந்த வான்களே இங்கே திரும்பத் திரும்பக் கைமாறின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதாவது ஒரு துண்டுக் கடதாசி தொலைந்தது. பெல்ட் விஷயத்தில் அந்தக் கடதாசிதான் முக்கியம். ஏனென்றால் பெல்ட் வலிக்கிறது என்று சொல்லாது. கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை பெல்ட்டைச் சுற்றியிருக்கும் சாமான்கள் சொல்பவை.

பெல்ட்டா, செயினா?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். செயின் உள்ள வானுக்குப் பெல்ட் மாற்றச் சொல்லிக் காசு கேட்ட கதையும் உண்டு. ரொயோட்டா ஹயேஸில் செஸி இலக்கத்தின் முதல் எழுத்துகளே விடையைச் சொல்லிவிடும். கேடிஎச் என்றால் 2.5 அல்லது 3.0 லீற்றர் டீசல், பெல்ட். எல்எச் என்றால், அதாவது நாங்கள் டொல்பின் என்று சொல்லும் எல்எச்113 போன்றவை, அதுவும் பெல்ட். ரிஆர்எச் பெற்றோல், செயின். ஜிடிஎச் கேடிஎச்சுக்குப் பிறகு வந்த 2.8 டீசல்; அதுவும் செயின்.

கார்களில் பழைய கொரோலா 110இன் 5ஏ எஞ்சினுக்குப் பெல்ட், அதற்கு அடுத்த 121க்குச் செயின். இந்தியாவில் இருந்து வந்த மாருதி 800க்குப் பெல்ட். விற்ஸ், அக்வா, பிரியஸ் எல்லாம் செயின். மிற்சுபிஷி 4டி56 டீசலுக்கு ஒன்றல்ல, இரண்டு பெல்ட். அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

அறிகுறி: ரி-பெல்ட் விளக்கு எரிகிறது

ரொயோட்டா டீசல்களில் மீற்றர் பலகையில் ரைமிங் பெல்ட்டுக்கென்று இப்படி ஒரு விளக்கு இருக்கிறது. அது பெல்ட்டைப் பார்த்து எரிவதில்லை. பெல்ட்டுக்குப் பக்கத்தில் அதற்கு எந்த சென்சரும் கிடையாது. ஓடிய தூரத்தை எண்ணி, வைத்த கணக்கு முடிந்ததும் எரிகிறது. ஜப்பான் கணக்கு 100,000 கிலோமீற்றர். இதே எஞ்சினுக்கு அவுஸ்திரேலியாவில் 150,000 கிலோமீற்றர் சொல்கிறார்கள். எங்கள் வெயிலிலும் எங்கள் ஓட்டத்திலும் நான் ஜப்பான் கணக்கைத்தான் எடுப்பேன்.

விளக்கு எரிந்தால் அன்றைக்கே வானை நிறுத்த வேண்டும் என்றில்லை. ஆனால் அடுத்த நீண்ட ஹயருக்கு முன்னர் வேலையை முடியுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து கட்டுநாயக்காவுக்குப் போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட 800 கிலோமீற்றர். மாதம் பத்துத் தடவை போகிறவருக்கு 100,000 கிலோமீற்றர் ஓட ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் கூடவே போதும்.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. விளக்கை அணைப்பது மிகச் சுலபம். பழைய மீற்றர்கள் சிலவற்றில் முகப்பில் ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றி மெல்லிய கம்பியால் உள்ளே இருக்கும் சுவிச்சை அமத்தினால் விளக்கு அணைந்துவிடும். புதியவற்றில் ட்ரிப் பொத்தானாலேயே மாற்றலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் விளக்கு எரிகிறது என்று கராஜுக்குப் போனார். அரை மணித்தியாலத்தில், "அண்ணை, லைற் நிண்டிட்டுது, இனிப் பிரச்சினையில்லை" என்று திறப்பைக் கையில் கொடுத்தார்கள். அவரும் சந்தோஷமாக வந்தார். உள்ளே பழைய பெல்ட் அப்படியே இருந்தது.

ஆகவே பெல்ட் மாற்றினால் பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. அது உங்கள் சாமான்.

அறிகுறி: விளக்கும் எரியவில்லை, விபரமும் தெரியாது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் அவசரமான அறிகுறி இதுதான். சத்தமில்லை, புகையில்லை, வான் நன்றாக ஓடுகிறது, ஆனால் பெல்ட்டின் வயது யாருக்கும் தெரியாது. இப்படிச் செய்து பாருங்கள்.

திறப்பை ஒன் நிலைக்குத் திருப்புங்கள். எஞ்சினை இயக்க வேண்டாம். மற்ற விளக்குகளோடு ரி-பெல்ட் விளக்கும் ஒருமுறை எரிந்து காட்ட வேண்டும். அது எரியவே இல்லை என்றால் பல்ப் போயிருக்கலாம், அல்லது யாரோ வேண்டுமென்றே கழற்றியிருக்கலாம். மீற்றர் பலகையையே மாற்றியிருந்தாலும், மீற்றரைப் பின்னால் சுற்றியிருந்தாலும், விளக்கின் கணக்குக்கு எந்தப் பெறுமதியும் இல்லை.

அடுத்து ஸ்டிக்கரைத் தேடுங்கள். ஜப்பானில் பெல்ட் மாற்றும் கராஜ்காரர்கள் ஒரு சின்ன ஸ்டிக்கரில் திகதியையும் கிலோமீற்றரையும் எழுதி ஒட்டுவார்கள். ஹயேஸில் எஞ்சின் முன் இருக்கைகளின் கீழே இருக்கிறது. இருக்கையைத் தூக்கி, டோர்ச் பிடித்து, ரைமிங் மூடியின் மேலும் இருக்கை மூடியின் உள்பக்கமும் பாருங்கள். சாரதிக் கதவு மூடுகிற தூணிலும் பாருங்கள். எண்ணெயும் தூசியும் படிந்திருந்தால் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்; அழுத்தித் தேய்த்தால் பேனாவால் எழுதியது போய்விடும்.

ஸ்டிக்கரில் ஆண்டு 24 என்று இருந்தால் 2024 என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானியர் பேரரசரின் ஆட்சிக் காலத்தை வைத்து ஆண்டு எழுதுவார்கள். ஹெய்செய் காலம் 1989இல் தொடங்கியது, அதனால் ஹெய்செய் எண்ணோடு 1988ஐக் கூட்ட வேண்டும்: 24 என்றால் 2012. ரெய்வா காலம் 2019இல் தொடங்கியது, அதோடு 2018ஐக் கூட்ட வேண்டும்: 3 என்றால் 2021. எண்ணுக்கு முன்னால் ஆங்கில எச் இருந்தால் ஹெய்செய், ஆர் இருந்தால் ரெய்வா. 24ஐப் பார்த்து போன வருடம்தான் மாற்றியிருக்கிறார்கள் என்று நம்பி ஓடிய ஒரு வானை நான் பார்த்திருக்கிறேன். பெல்ட்டுக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல் ஆகியிருந்தது.

மூன்றாவது, ஜப்பானின் ஏற்றுமதிச் சான்றிதழ். அங்கே வாகனப் பரிசோதனை நடந்தபோது மீற்றர் காட்டிய எண் அதில் பதிவாகியிருக்கும். அந்தக் கடதாசி 180,000 என்று சொல்ல, இங்கே வாங்கும்போது மீற்றர் 90,000 காட்டியிருந்தால், விளக்கு எரியாததற்குக் காரணம் தெரிந்துவிட்டது.

மூன்றிலும் ஒன்றும் கிடைக்கவில்லையா? பெல்ட்டை மாற்றுங்கள். "நல்லாத்தானே ஓடுது, அடுத்த வருசம் பாப்பம்" என்று வைக்க வேண்டாம். அறியாத பெல்ட்டைத் தேய்ந்த பெல்ட் என்றே எடுத்துக்கொள்வதுதான் மலிவு.

வயதையும் கணக்கில் வையுங்கள். குறைவாக ஓடிய வான் என்றாலும் ஏழு எட்டு வருடத்துக்கு மேல் ஒரே பெல்ட்டில் ஓட்ட நான் சம்மதிக்க மாட்டேன். நின்றபடி ஓடும் நேரத்தையும் மீற்றர் எண்ணாது. கலியாண ஹயருக்குப் போனால் ஆட்கள் வரும்வரை ஏசி போட்டு இரண்டு மணித்தியாலம் எஞ்சின் ஓடும். சராசரி வேகம் மணிக்கு 40 என்று வைத்தால், வருடத்தில் 300 நாள் தினம் இரண்டு மணித்தியாலம் என்பது 24,000 கிலோமீற்றருக்குச் சமமான நேரம். ஐட்லில் சுற்று குறைவுதான். சரி, பாதியாகவே எடுங்கள், 12,000. ஆனால் இருக்கையின் கீழே அடைபட்ட அந்தச் சூட்டைப் பாதியாக்க முடியாது.

மூடியைக் கழற்றிப் பார்த்தால் என்ன தெரியும்

பெல்ட்டின் மேல் மூடி சில 10 எண் போல்ட்டுகளில் நிற்கிறது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், திறப்பு உங்கள் பைக்குள் இருக்க வேண்டும். கழற்றியதும் பெல்ட்டின் முதுகைப் பாருங்கள். புதுப் பெல்ட் மங்கலாக, துணி போல இருக்கும், மேலே எழுத்தும் அம்புக்குறியும் தெளிவாகத் தெரியும். பழசு பளபளக்கும், எழுத்து அழிந்திருக்கும். விரலால் ஓரத்தைத் தடவுங்கள். மெல்லிய நூல் பிரிந்து விரலில் மாட்டினால் பெல்ட் ஒரு பக்கமாக உரசி ஓடுகிறது, அதாவது ஏதோ ஒரு பெயரிங் சரிந்திருக்கிறது. பல்லும் பட்டியும் சேரும் மூலையில் வெடிப்பு இருக்கிறதா என்று டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். முழுப் பெல்ட்டையும் பார்க்கக் கிராங்கை ஸ்பனரால் கையால் சுற்ற வேண்டும், எஞ்சின் சுழலும் திசையில் மட்டும்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மாற்றுங்கள். ஆனால் ஒன்றும் தெரியாவிட்டால் பெல்ட் நல்லது என்று அர்த்தமில்லை. இப்போதைய பெல்ட்டுகளின் ரப்பர் முந்திய ரப்பரைப் போல வெடித்துக் காட்டாது. உள்ளே இருக்கும் கண்ணாடி நார்தான் பலத்தைத் தருகிறது. அது களைப்பது வெளியே தெரியாது. பெல்ட்டை மடித்து, முறுக்கிப் பார்க்கவே கூடாது. அப்படிப் பார்த்தால் அந்த நார் அங்கேயே முறிந்துவிடும். கடையில் வாங்கும்போதும் இதைக் கவனியுங்கள்: புதுப் பெல்ட்டை யாராவது உள்வெளியாகத் திருப்பிக் காட்டினால் அந்தப் பெல்ட்டை வாங்காதீர்கள்.

அறிகுறி: எஞ்சின் முன்பக்கம் சத்தம்

காலையில் ஸ்ராட் பண்ணியதும் கீச்சென்று கத்திப் பின் அடங்கினால் அது பெரும்பாலும் வெளியே ஓடும் ஃபான் பெல்ட். ரைமிங் பெல்ட்டுக்குப் பல் இருக்கிறது, வழுக்கிக் கத்தாது.

விசில் போல, எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறையும் இரைச்சல் என்றால் பெயரிங். எந்தப் பெயரிங் என்று கண்டுபிடிக்க, எஞ்சின் ஆறியிருக்கும்போது ஃபான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓட விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். கேடிஎச்சில் தண்ணீர்ப் பம்பைச் சுழற்றுவது ஃபான் பெல்ட்தான். சத்தம் நின்றால் ஒல்ரனேற்றர், தண்ணீர்ப் பம்ப், ஏசி என்று வெளியே தேடுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் மூடியின் உள்ளே, ரைமிங் ஐட்லரிலோ (பெல்ட்டைத் தாங்கி ஓடும் உருளை) ரென்ஷனர் உருளையிலோதான் இருக்கிறது. அந்த வானை அதற்குமேல் ஓட்ட வேண்டாம். நல்ல பெல்ட்டையும் ஒரு இறுகிய பெயரிங் சில நிமிடத்தில் உருக்கி அறுத்துவிடும்.

மூடியின் உள்ளே பிளாஸ்டிக்கில் பட்டுப் பட்டுத் தட்டும் சத்தம் கேட்டால், பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது ஓரம் பிய்ந்து ஆடுகிறது. இதுவும் அதே தீர்ப்புத்தான்.

டெலிகா எல்300, பழைய பஜேரோ போன்றவற்றில் 4டி56 எஞ்சின் வைத்திருப்பவர்கள் சத்தத்தோடு அதிர்வையும் கவனிக்க வேண்டும். இந்த எஞ்சினில் ரைமிங் பெல்ட்டுக்கு உள்ளே, அதிர்வைக் குறைக்கும் பலன்சர் தண்டுகளைச் சுழற்ற ஒரு சின்னப் பெல்ட் இருக்கிறது. அது அறுந்தால் எஞ்சின் நிற்காது, திடீரென்று நடுங்கத் தொடங்கும். மவுண்ட் போய்விட்டது என்று நினைத்து ஓட்டினால், அறுந்த துண்டு பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி அதையும் பல் தாண்ட வைக்கும். பெரிய பெல்ட்டை மட்டும் மாற்றிச் சின்னதை விட்டுவிடுகிற வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி: மூடியின் கீழ் ஒயில் ஒழுக்கு

கெம் சீலோ கிராங்க் சீலோ, அதாவது தண்டைச் சுற்றி ஒயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம், போயிருக்கும். ஒயில் ஊறிய பெல்ட் ஊதி, பல் மிருதுவாகி, உரிந்துவிடும். துடைத்துவிட்டு அதே பெல்ட்டைப் பூட்ட முடியாது. சீலையும் பெல்ட்டையும் சேர்த்து மாற்றுங்கள், தண்ணீர் பட்டிருந்தாலும் அப்படித்தான்.

அறிகுறி: ஸ்ராட் எடுக்கக் கஷ்டம், புகை, இழுவை குறைவு

இங்கே எல்எச்சையும் கேடிஎச்சையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எல்எச் எஞ்சினில் இந்தப் பெல்ட் கெம்மையும் டீசல் பம்பையும் சேர்த்தே சுழற்றுகிறது. ஒரு பல் தாண்டினாலும் டீசல் பாயும் நேரம் மாறிவிடும். நேற்று வரை ஒழுங்காக இருந்த வான் இன்று காலை நீண்ட நேரம் சுற்றித்தான் பிடிக்கிறது, வெள்ளைப் புகை தள்ளுகிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை என்றால் முதலில் ரைமிங் குறிகளை, அதாவது பெல்ட் சரியாக நிற்கும்போது நேருக்கு நேர் வர வேண்டிய அடையாளங்களைப் பாருங்கள். திடீரென்று வந்ததா, மெதுவாக வந்ததா என்பதுதான் முக்கியமான கேள்வி. பெல்ட் தாண்டினால் ஒரே நாளில் வரும்.

கேடிஎச்சில் டீசல் பம்பைக் கியர் சுழற்றுகிறது. பெல்ட் கெம்முக்கு மட்டும்தான். அதனால் காலைப் புகையும் தட்டுச் சத்தமும் வந்தால் முதலில் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரைச் சந்தேகியுங்கள், இந்த எஞ்சினின் பழகிய வருத்தம் அது. ஆனால் இன்ஜெக்டருக்குப் பெரிய காசு செலவழிக்க முன்னர், மேல் மூடியைக் கழற்றிக் குறிகளைப் பார்க்கக் கொஞ்ச நேரம்தான் எடுக்கும். ஸ்கேனரில் பிழை ஒன்றும் வரவில்லை என்பதை வைத்து மட்டும் பெல்ட் சரி என்று முடிவெடுக்காதீர்கள். கண்ணால் பாருங்கள்.

அறிகுறி: ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று நின்றது

ஏ9 வீதியில் புளியங்குளத்துக்குக் கிட்ட, இரவு பதினொரு மணி போல, ஒரு கேடிஎச் ஓரமாக நின்றது. உள்ளே விமானத்துக்குப் போகிற குடும்பம், கூரையில் பெட்டிகள். நான் நிறுத்தி இறங்கும்போது சாரதித் தம்பி ஐந்தாவது தடவையாகத் திறப்பைத் திருப்பிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தை இன்னும் மறக்கவில்லை. வழக்கமாக டீசலை ஸ்ராட்டர் சுற்றும்போது ஒவ்வொரு அழுத்தத்துக்கும் திணறி, ஒரு தாளம் வரும். அன்று தாளமே இல்லை. தையல் மெசின் போல ஒரே சீராக, வேகமாகச் சுற்றியது. அழுத்தம் இல்லை, வால்வுகள் மூடவில்லை. "தம்பி, இனித் திருப்பாதை" என்று கையைப் பிடித்தேன்.

டீசலில் பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் இடையில் ஒரு திறந்த வால்வு நிற்க இடமில்லை. பெல்ட் அறுந்த அந்தக் கணத்திலேயே வால்வு வளைந்திருக்கும். அதற்குப் பின் திறப்பைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் மிச்சமிருப்பதையும் அடிக்கிறது. ஆகவே எஞ்சின் தானாக நின்று, ஸ்ராட்டர் இலகுவாகச் சுற்றினால் ஒருமுறையோடு நிறுத்துங்கள். தள்ளி ஸ்ராட் பண்ண வேண்டவே வேண்டாம். கியர் நியூட்ரலில் இருக்கத்தான் இழுக்க வேண்டும்.

கராஜில் முதலில் மேல் மூடியைத் திறந்து அறுந்ததை உறுதிப்படுத்தட்டும். புதுப் பெல்ட்டைப் போட்டு ஓடுகிறதா பார்ப்போம் என்று தொடங்கினால் சம்மதிக்காதீர்கள். வால்வ் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்து, ஹெட்டைக் கழற்ற வேண்டுமா என்பதை முடிவுசெய்த பிறகுதான் பெல்ட் வாங்க வேண்டும். கொரோலா 110 போன்ற சில பெற்றோல் எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் முட்டாது, அவற்றில் புதுப் பெல்ட்டோடு தப்பலாம்.

அந்தக் குடும்பத்தை வேறு வானில் ஏற்றி அனுப்பினோம். தம்பியின் வான் ஹெட் கழற்றி, வால்வு மாற்றி வெளியே வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஹயர் இல்லாத மாதம், லீசிங் கட்ட வேண்டிய மாதம்.

அறிகுறி: பெல்ட் மாற்றிய பின் எஞ்சின் சரியில்லை

ஐட்லில் உதறல், இழுவைக் குறைவு என்றால் ஒரு பல் பிசகிப் பூட்டியிருக்கலாம். பூட்டிய பிறகு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கிராங்க் இரண்டு சுற்றுக்குக் கெம் ஒரு சுற்று. குறிகள் மறுபடி நேருக்கு நேர் வந்து நிற்க வேண்டும். சுற்றும்போது எங்காவது இரும்பில் இரும்பு முட்டி நின்றால், பலம் கொடுக்காமல் அங்கேயே நிறுத்திக் கழற்றுங்கள். இந்த இரண்டு சுற்றைச் செய்யாமல் திறப்பைத் திருப்பும் மெக்கானிக்கிடம், எவ்வளவு அனுபவம் இருந்தாலும், செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

மாற்றிய மறுநாளே தட்டுச் சத்தம் வந்தால் ரென்ஷனரைப் பாருங்கள். அதை அமத்தி, மெல்லிய பின் குத்தித்தான் பூட்டுவார்கள். பூட்டியதும் பின்னை இழுத்து எடுக்க வேண்டும். பழைய ரென்ஷனரையே போட்டிருந்தால் அதன் எண்ணெய் கசிந்து தள்ளும் பலம் போயிருக்கும். பெல்ட், ஐட்லர், ரென்ஷனர் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். தண்ணீர்ப் பம்பைக் கேடிஎச்சில் ஒழுகினால் மாற்றினால் போதும்.

கடைசியாக, மூடியைப் பூட்டியதும் வெள்ளை பெயின்ற் பேனாவால் அதன் மேலேயே திகதியையும் மீற்றர் எண்ணையும் எழுதுங்கள். பக்கத்தில் "3உம் புதுசு" என்றும் எழுதுங்கள். மீற்றரையும் மூடியையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வைத்திருங்கள். வானை விற்கும்போது அந்தப் படத்தையும் வாங்குபவருக்குக் கொடுங்கள்.